கத்தரி வீடும் தக்காளி வீடும்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை, "திப்பட்டு கால் கிலோ" என்று சிங்களத்தில் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற என் அம்மா மகளிடம், "சுண்டங்கத்தரி வாங்கிறா, நல்லதாப் போச்சு" என்றார். பட்டாணி அளவிலான அந்தப் பச்சைக் காய்களைக் கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்தார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் அப்போது ஒன்றைக் கவனித்தாள். "ரெண்டு பேரிலயும் கத்தரி இருக்கு அம்மா."

இருக்கத்தான் செய்கிறது. சுண்டங்கத்தரியில் வெளிப்படையாகவே கத்தரி. சிங்களத்தில் கத்தரிக்காய்க்கு வம்பட்டு என்று பெயர். திப்பட்டின் கடைசியில் நிற்பதும் அதே 'பட்டு'. எலபட்டு, தலனபட்டு, கட்டுவெல்பட்டு என்று அந்த வரிசை நீளும். கட்டுவெல்பட்டு என்றால் முட்கொடிக் கத்தரி. நாங்கள் கண்டங்கத்தரி என்பது அதைத்தான். ஒரு மொழியின் சொல்லை மற்றது கடன் வாங்கவில்லை. ஆனாலும் பட்டாணி அளவுக் காயையும், தரையோடு படரும் முட்செடியையும், உள்ளங்கை நிறையும் ஊதாக் காயையும் இரண்டு மொழிகளும் ஒரே வீட்டில் சேர்த்திருக்கின்றன. அளவிலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்றை உறவென்று சொல்ல, எதைப் பார்த்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து கூடையை மேசையில் கொட்டினோம். கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், கறிமிளகாய், சுண்டங்கத்தரி, ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரை. பல்கனியில் இருந்த தூதுவளைச் சாடியையும் மகள் தூக்கி வந்து வைத்தாள். தேங்காயையும் வெங்காயத்தையும் விட்டால், அன்று வாங்கியது எல்லாமே ஒரே குடும்பம். சொலனேசியே. ஏறத்தாழ 100 சாதிகள், 2,700 இனங்கள். அவற்றில் பாதிக்குக் கிட்ட ஒரே சாதிக்குள் கிடக்கின்றன: சொலனம். பூக்கும் தாவரங்களில் இவ்வளவு பெரிய சாதிகள் சிலவே உண்டு. மேசையில் இருந்தவற்றில் மிளகாய்கள் இரண்டையும் தவிர மற்றவை அனைத்தும் சொலனம்.

(இந்தப் பதிவில் சாதி, இனம் என்று எங்கள் பள்ளிச் சொற்களையே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் சாதியைப் பேரினம் என்றும், இனத்தைச் சிற்றினம் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.)

முதலில் உடல் அமைப்பு. இந்தக் குடும்பத்தின் எண் ஐந்து. ஐந்து புல்லி, அடியில் ஒட்டிய ஐந்து அல்லி, மகரந்தம் தரும் ஐந்து கேசரம். பூ உதிர்ந்தாலும் புல்லி உதிர்வதில்லை. கத்தரிக்காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி, தக்காளியின் நட்சத்திரம், மிளகாய்க் காம்பின் கிண்ணம் எல்லாம் அந்தப் பழைய பூவின் புல்லிதான். சமைக்கும்போது வெட்டி எறிகிறோமே, அது குடும்ப முத்திரை.

அதைவிட எனக்குப் பிடித்தது பூ நிற்கும் இடம். கக்கத்தில்தான், அதாவது இலையும் தண்டும் சேரும் மூலையில்தான், அரும்பு வரும் என்று படித்திருப்போம். தக்காளிச் செடியைப் பாருங்கள். பூந்துணர், அதாவது பூங்கொத்து, இரண்டு இலைகளுக்கு நடுவே, வெறும் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரியும் அப்படித்தான். நான் சிறுமியாக இருந்தபோது இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதிலே கேட்க ஒரு கேள்வி இருக்கிறதென்று தோன்றவில்லை. விடை அழகானது. செடியின் நுனியே பூந்துணராக மாறித் தன் வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது. அதற்குக் கீழே இருக்கும் கக்க அரும்பு எழுந்து, பூந்துணரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நேராக மேலே போகிறது. அதுவும் சில இலைகள் விட்டதும் (தக்காளியில் பெரும்பாலும் மூன்று) பூவாகி நின்றுவிடும். பிறகு அடுத்த அரும்பு. ஒரே தண்டு என்று நாம் கயிறு கட்டி நிமிர்த்துவது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் பல தண்டுகளின் தொடர். ஆறு அடித் தக்காளிக் கொடி ஒன்றில் எத்தனை தலைமுறை என்று மகள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

தண்டின் உள்ளேயும் ஒரு விசேஷம் உண்டு. நீரைக் கொண்டுபோகும் காழுக்கு வெளிப்புறம், உணவைக் கொண்டுபோகும் உரியம் இருப்பது வழக்கம். இந்தக் குடும்பத்தில் உட்புறமும் இருக்கும். நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) அடிப்படை எண் பன்னிரண்டு: தக்காளி, கத்தரி, மிளகாய், ஊமத்தை எல்லாவற்றுக்கும் 24, உருளைக்கிழங்குக்கும், யாழ்ப்பாணத்தை வாழவைத்த புகையிலைக்கும் 48. மணத்தக்காளி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது தெற்காசியாவில் குறைந்தது மூன்று இனங்கள். ஒன்றுக்கு 24, ஒன்றுக்கு 48, மற்றொன்றுக்கு 72. பழுத்தால் சில கறுப்பு, சில செம்மஞ்சள். அம்மாவுக்கு நிறமூர்த்தம் தெரியாது. ஆனால் "கறுப்பு வேற, சிவப்பு வேற" என்று எப்போதும் பிரித்தே சொல்வார்.

சரி, சொலனத்துக்குள் வருவோம்.

கைவில்லை ஒன்றை எடுத்துக் கத்தரி இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெல்வெட் போலத் தெரிவது நட்சத்திரங்கள். ஒரு சிறு காம்பு, அதன் உச்சியில் சுற்றிலும் விரிந்த கதிர்கள். ஒவ்வொரு மயிரும் அப்படி. சுண்டங்கத்தரி இலையிலும் அதே நட்சத்திரம். இனித் தக்காளி இலை. அங்கே மயிர்கள் ஒற்றை ஒற்றையாக நிற்கும், சிலவற்றின் நுனியில் சுரப்பி. செடியைத் தொட்ட கையில் ஒட்டும் மஞ்சள் பச்சைக் கறையும், அந்தத் தக்காளிவாசமும் அங்கிருந்து வருபவை. மணத்தக்காளியிலும் நட்சத்திரம் கிடையாது.

அடுத்தது முள். தமிழில் எல்லாம் முள்தான், ஆனால் எலுமிச்சையின் முள் உருமாறிய கிளை; கத்தரியின் முள், ரோசாவின் முள்ளைப் போல மேற்றோலில் இருந்து எழுந்த வளர்ச்சி. பக்கவாட்டில் அழுத்தினால் தோலோடு பெயர்ந்து வரும். மூன்றாவது, மகரந்தக்கூடு. கத்தரிப் பூவின் நடுவில் இருக்கும் ஐந்து மஞ்சள் கூடுகளும் நுனி நோக்கி ஒடுங்கிப்போகும். முள், நட்சத்திர மயிர், ஒடுங்கிய மகரந்தக்கூடு மூன்றும் சேர்ந்தால் அது லெப்டோஸ்டெமோனம் என்ற பெரும் கிளை. சொலனத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ஒல்லிக் கேசரம் என்று பொருள். கத்தரி, சுண்டங்கத்தரி, கண்டங்கத்தரி, தூதுவளை நான்கும் இதற்குள்தான்.

தக்காளி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி மூன்றும் மறுபக்கம். டி.என்.ஏ. வரிசைகளை வைத்து வரைந்த குடும்ப மரங்களில் சொலனம் இரண்டு பெரும் கிளைகளாகப் பிரிகிறது (ஓரங்களில் நிற்கும் சில சிறு குழுக்களை விட்டுவிடுகிறேன்). முள்ளில்லாத தக்காளிக் கூட்டம் ஒன்றில், முட்கத்தரிகள் மற்றதில். இதை முதன்முதலில் வாசித்தபோது கதிரையை விட்டு எழுந்து அம்மாவிடம் போனேன். ஏனென்றால் அவர் நாவில் இருக்கும் பெயர்களும் அதே இடத்தில்தான் வெட்டுகின்றன. கத்தரி என்று முடிபவை ஒரு பக்கம், தக்காளி என்று முடிபவை மறுபக்கம்.

தக்காளி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருந்து அந்தச் சிவப்புப் பழம் வருவதற்கு முன்பே இந்தச் சொல் நம்மிடம் இருந்தது. மணத்தக்காளி போன்ற சிறு பழங்களைத்தான் அது குறித்தது. புதிய பழத்தைக் கண்டவர்கள் அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். ஒன்று கறுப்பாக மிளகளவு, மற்றது சிவப்பாகக் கைப்பிடி அளவு. இருந்தும் இது அதன் உறவு என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர் செய்தது வகைப்பாட்டியல் வேலைதான், அதுவும் சரியாகச் செய்திருக்கிறார். சிங்களமும் தக்காளி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது.

ஐரோப்பிய அறிஞர்களுக்கு அதே முடிவுக்கு நிலையாக வந்துசேர அதிக காலம் எடுத்தது. 1753இல், செடிகளுக்கு இலத்தீன் இருசொற்பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் தக்காளியைச் சொலனத்துக்குள் வைத்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் அதை வெளியே எடுத்து லைக்கோபெர்சிக்கோன் என்று தனிச் சாதியாக்கினார். அந்தப் பிரிவு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. பழைய பாடநூல்களில் அந்தப் பெயரே இருக்கும். டேவிட் ஸ்பூனரும் இரண்டு சக ஆய்வாளர்களும் பச்சையவுருமணியின் (குளோரோபிளாஸ்டின்) டி.என்.ஏ.யை ஆராய்ந்து, தக்காளி உருளைக்கிழங்குக்கு அருகில் சொலனத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதைக் காட்டி அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது 1993இல்.

லின்னேயஸின் அறிவில் கொழும்புக்கும் பங்குண்டு. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்த போல் ஹெர்மன், இலங்கைச் செடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாளில் ஒட்டினார். உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். அந்தத் தொகுப்பு பல கை மாறி லின்னேயஸிடம் போய், 1747இல் 'ஃப்ளோரா சைலானிக்கா' என்ற நூலாயிற்று. தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செடியைப் பறித்து உலர்த்தியவரின் பெயர் நின்றது. "இதற்கு என்ன பேர்?" என்று அவர் கேட்டபோது பதில் சொன்ன ஊர்க்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. கண்டங்கத்தரிக்கு லின்னேயஸ் வைத்த இனப்பெயரைப் பாருங்கள்: வெர்ஜினியானம். வெர்ஜினியா அமெரிக்காவில் இருக்கிறது, இந்தச் செடியோ ஆசியாவினுடையது. விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை என்பதால் அந்தத் தவறு இன்றும் அதன் அதிகாரபூர்வப் பெயராக நிற்கிறது. கண்டங்கத்தரி என்ற பெயரில் அப்படி ஒரு பிழையும் இல்லை.

நம் பெயர்கள் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. தூதுவளையைத் தமிழ் கத்தரி வீட்டில் சேர்க்கவில்லை. வளைந்த முள்ளும் ஊதாப் பூவும் சின்னஞ்சிறு கத்தரி போன்ற காயும் இருந்தும், சளிக்கு மருந்தான இலைதான் கண்ணில் பட்டிருக்கிறது. சிங்களம் சேர்த்திருக்கிறது: அங்கே அது வெல்திப்பட்டு, கொடிச் சுண்டங்கத்தரி. நுவரெலியாப் பக்கம் விற்கும் மரத்தக்காளி இதற்கு மறுதலை. பெயரில் தக்காளி, ஆனால் டி.என்.ஏ. மரத்தில் அது கத்தரி இருக்கும் பெரும் கிளையில் போய் நிற்கிறது. சொடக்குத் தக்காளி இரண்டு வீட்டிலும் இல்லை. மெல்லிய கூட்டுக்குள் இருக்கும் பழத்தை நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்கவைத்து விளையாடுவோமே, அதுதான். அது ஃபைசாலிஸ் என்ற வேறு சாதி; அமுக்கராவுக்குக் கிட்டிய உறவு. அமுக்கராப் பழத்தையும் புல்லி ஊதிப் பெருத்துப் பொதிந்திருப்பதைப் பார்த்தால் உறவு விளங்கும்.

அந்தக் காகிதக் கூடு சாதாரணமானதல்ல. ஆர்ஜென்டினாவின் பட்டகோனியாவில், லகூனா டெல் ஹுன்கோ என்ற இடத்துப் பாறையில் அப்படியான கூடுகள் பதிந்து கிடைத்தன. 2017இல் அதை அறிவித்தார்கள். வயது 5 கோடியே 20 இலட்சம் ஆண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013இல் வந்த ஒரு பெரிய டி.என்.ஏ. மரம், இந்தக் குடும்பம் இன்றைய கிளைகளாகப் பிரியத் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுதான் என்று கணித்திருந்தது. ஃபைசாலிஸ் பிந்தி வந்த கிளை. பேத்திக்கே 5 கோடி வயதென்றால் பாட்டிக்கு? முழு மரத்தின் காலக்கணக்கையும் பின்னுக்குத் தள்ளவேண்டி வந்தது.

சுண்டங்கத்தரி விஷயத்தில் எனக்கே ஒரு அதிர்ச்சி இருந்தது. இந்தப் பெயரில் விற்பவை இரண்டு செடிகள். ஊதாப் பூவும் பழுத்தால் செம்மஞ்சளாகும் காயும் உள்ளது நம் பக்கத்துச் செடி. வெள்ளைப் பூவோடு ஆளுயரத்துக்கு வளர்வது அமெரிக்க வெப்பநாடுகளில் இருந்து வந்து இங்கே காடுகட்டியது. கத்தரியின் வேருக்கு வாடல் நோய் வரும் இடங்களில் அந்த அமெரிக்கச் செடியை அடிக்கட்டையாக வைத்து மேலே கத்தரியை ஒட்டுவார்கள். ஒட்டு நன்றாகப் பிடிக்கும். நம் கத்தரி வேறு வழி வந்தது. அதன் முன்னோர் ஆபிரிக்காவில் இருந்து ஆசியாவுக்குள் நுழைந்த கூட்டம். தாய்ச்செடியான சொலனம் இன்சானம் இன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் காட்டுச்செடியாக நிற்கிறது, புல்லி நிறைய முள்ளோடு. அந்த முள் எப்படிப் போயிற்று என்பது 2024இல் தெரியவந்தது: சைற்றோகைனின் என்ற வளர்ச்சி ஓமோனை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு பரம்பரையலகு (மரபணு) பழுதானால் முள் வருவதில்லை. ஆய்வாளர்கள் வியந்தது, கத்தரியோடு எந்த நெருங்கிய உறவும் இல்லாத ரோசாவிலும் அதே பரம்பரையலகுக் குடும்பமே முள்ளை உண்டாக்குகிறது என்பதைக் கண்டுதான். முள்ளை வைத்து மட்டும் உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனிப் பூ. கத்தரிப் பூவில் தேன் இல்லை. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும், அதுவும் கூட்டின் நுனியில் உள்ள இரண்டு சின்னத் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். வளைமரத்தில் துளை போடும் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமலே தசையை அதிரவைக்கும். உப்புச்சாடியைத் தட்டியது போல மகரந்தம் கொட்டும். வீட்டுத் தேனீக்கு அந்த வித்தை கைவராது. எங்கள் ஐந்தாம் மாடிப் பல்கனிக்குக் கருவண்டு வருவது அருமை. மகள் பௌதிகவியலுக்காக வைத்திருந்த, தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் இசைக்கவரைத் தட்டிக் கத்தரிப் பூவில் மெல்லத் தொட்டாள். 256 ஹேர்ட்ஸ். கீழே பிடித்த கறுப்புத் தாளில் மஞ்சள் தூள் ஒரு கோடாக விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தக்காளியில் அமைப்பு வேறு: கூடுகள் ஐந்தும் சேர்ந்து கூம்பாகி, உட்பக்கம் நீளவாக்கில் வெடித்து, கூம்பின் வாயால் தூளைக் கொட்டுகின்றன. அதிர்வுதான் இரண்டுக்கும் தேவை, கதவுதான் வேறு.

இவ்வளவு தெரிந்தும், சொலனத்தின் மரம் முழுதாக வரைந்து முடிந்த மரம் அல்ல. 2022இல் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை வைத்துச் செய்த ஆய்வில், கலத்தின் கருவில் உள்ள டி.என்.ஏ. ஒரு கிளையமைப்பையும் பச்சையவுருமணியின் டி.என்.ஏ. இன்னொன்றையும் காட்டின. இது ஆய்வுக்குறை அல்ல என்று அந்தக் குழு வாதிட்டது. ஆதியில் சில கிளைகள் மிகக் குறுகிய காலத்தில் ஒன்றாகப் பிரிந்ததால் அந்த இடத்தில் இரண்டிரண்டாகப் பிரிக்க முடியாது, பல கிளைகள் ஒரே முடிச்சிலிருந்து புறப்படுவதாகவே வரையவேண்டும் என்றார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. வம்சாவளி தெளிவாக இல்லாத இடத்தில் தெளிவை வலிந்து வரையாமல் விட்டிருக்கிறார்கள்.

உருளைக்கிழங்கை நான் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம், பெயர்கள் முற்றாகத் தோற்ற இடம் அது. தமிழ் அதை மண்ணுக்குள் இருப்பதை வைத்துக் கிழங்கு என்றது. சிங்களம் ஒல்லாந்தரின் 'மண் அப்பிள்' என்ற சொல்லை வாங்கி அர்த்தாபல் ஆக்கிக்கொண்டது. இரண்டிலும் உறவின் சாயல் இல்லை. ஆனால் 2025இல் வெளியான ஆய்வொன்றின்படி, கிழங்கே தக்காளி வீட்டின் சீதனம். ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தென்னமெரிக்காவில், தக்காளியின் மூதாதையும், கிழங்கு வைக்காத எட்யூபெரோசம் என்ற கூட்டத்தின் மூதாதையும் கலந்திருக்கின்றன. கிழங்கு வைக்கத் தொடங்கு என்று சொல்லும் பரம்பரையலகு தக்காளிப் பக்கத்திலிருந்தும், கிழங்காகும் நிலக்கீழ்த் தண்டை வளர்க்கும் பரம்பரையலகு மற்றப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. இரண்டு பெற்றோருக்கும் கிழங்கு இல்லை. பிள்ளைக்கு இருந்தது.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். "கிழங்கு எப்பிடித் தக்காளியாகும் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு வாய்ச்சொல் போதாது, செடியைக் காட்டவேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக்குப் போனோம். உருளைக்கிழங்குப் பாத்திகளில் வெள்ளைப் பூக்கள், நடுவே மஞ்சள் கூம்பு. ஒரு வரிசையின் ஓரத்தில், பூ உதிர்ந்த துணரில் நெல்லிக்காய் அளவில் இரண்டு பச்சைக் காய்கள் தொங்கின. உருளைக்கிழங்கு காய்க்கும் என்பதே அம்மாவுக்குப் புதிது. நச்சுக்காய், வாயில் வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. குனிந்து துணரைத் தூக்கி, அது இலைக்கக்கத்தில் இல்லாமல் தண்டின் நடுவே நிற்பதை மகளுக்குக் காட்டினார். ஒரு காயைக் கவிழ்த்து, காம்போடு ஒட்டியிருந்த புல்லியை விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்து.

"உது தக்காளிதான்" என்றார்.